காய்ச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது?

விடியற்காலை இரண்டரை மணி இருக்கும். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயது தாண்டியவர், சீனி வருத்தம் உள்ளவர். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறார், ஆனால் மகனின் பெயரை மாற்றிச் சொல்கிறார். மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டி ஓடுகிறது. கைகால் சில்லிட்டிருந்தன. விரல் நகத்தை அழுத்திவிட்டுப் பார்த்தேன். வெளுத்த இடம் மறுபடி சிவக்க ஐந்து விநாடிக்கு மேல் ஆனது.

"மூணு நாளா ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு சொன்னாங்க டொக்டர். பனடோல் போட்டுட்டு மலைக்குப் போயிட்டாங்க" என்றார் மகன்.

கொழுந்து மலையில் கழிப்பறை ஏது? அதற்காகவே தண்ணீர் குடிக்காமல், நாள் முழுக்க அடக்கிக்கொண்டு நிற்கும் பெண்களைச் சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். என் அம்மாவும் அப்படித்தான் நின்றார். இடையில் லயத்துக்கு இறங்கிப் போனால் கொழுந்து குறையும், அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். சிறுநீரில் தொடங்கும் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி, அங்கிருந்து ரத்தத்துக்குள் போவதற்கு இந்த மூன்று நாள் தாராளமாகப் போதும்.

தொற்றை எதிர்த்துப் போராடக் கிளம்பிய உடல் கட்டுமீறிப்போய், தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் மூளையையும் தானே கெடுத்துக்கொள்வதுதான் செப்சிஸ். 2016 முதல் உலகெங்கும் இந்த வரையறையைத்தான் வைத்திருக்கிறோம். அந்த அம்மாவுக்கு இரண்டு இடத்தில் ரத்தம் குத்தி எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் போத்தல்களில் விட்டோம். உடனே அன்டிபயோட்டிக்கும் சேலைனும் ஏற்றினோம். ரத்த வாயுப் பரிசோதனை இயந்திரம் சில நிமிடங்களில் லக்டேட் 4.6 என்று காட்டியது. இரண்டுக்குள் இருக்க வேண்டியது அது. உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகவில்லை என்பதற்கு அது அடையாளம். கிருமி இருக்கிறதா இல்லையா என்பதை லக்டேட் சொல்லாது.

காலையில் மகன் கேட்டார்: "ரத்தத்துல கிருமி எவ்வளவுன்னு நம்பர் வந்துருச்சா டொக்டர்?" தீவிர சிகிச்சைப் பிரிவான ஐசியுவின் வாசலில் காத்திருக்கும் எல்லோருமே இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். கிருமியை எண்ணிச் சொல்லும் நம்பர் என்று ஒன்று இல்லை. கிருமியைக் கண்டு உடல் என்ன செய்கிறது என்பதைத்தான் நாங்கள் அளக்கிறோம்.

சீஆர்பி பலருக்கும் தெரிந்த பெயர். 1930 இல் கண்டுபிடிக்கப்பட்டது, கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். அது மெதுவாக ஏறும், உச்சத்துக்குப் போக இரண்டு நாள் வரை ஆகும். கிருமி, அடி, அறுவைச் சிகிச்சை, மூட்டு வாதம் எதற்கென்றாலும் ஏறும். அடுத்தது புரோகல்சிடோனின். பெரும்பாலும் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் மிகச் சிறிதளவு உருவாகும் இந்தப் பொருள், கடுமையான பாக்டீரியாத் தொற்றில் ரத்தத்தில் வெகுவாக ஏறுகிறது என்பதை 1993 இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். அப்போது அது கல்லீரல், கொழுப்பு, நுரையீரல் என்று உடம்பெங்கும் சுரந்து கொட்டுகிறது என்பது பின்னர் தெரியவந்தது. வைரஸ் காய்ச்சலில் அவ்வளவாக ஏறாது. வைரஸுக்கு எதிராக உடல் சுரக்கும் இன்டர்ஃபெரோன் அதை அடக்கி வைத்துவிடும். அதனால்தான் ஐசியுவில் இதற்கு இவ்வளவு மதிப்பு.

ஆனால் இதை நேரத்தோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். இதை நான் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன், வேறோர் ஆஸ்பத்திரியில், நடுக்கம் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் ஒருவர் வந்து சேர்ந்தார். புரோகல்சிடோனின் 0.3. அதைப் பார்த்து எனக்கு மனது லேசானது. வார்டிலேயே இருக்கட்டும் என்று விட்டேன். மறுநாள் காலை அதே எண் 28, இரத்த அழுத்தம் கைக்கே எட்டவில்லை. பிழைத்துக்கொண்டார், ஆனால் மூன்று வாரம் எங்களோடு இருந்தார். தொற்று தொடங்கி நான்கு மணி நேரத்துக்குப் பிறகுதான் இது ஏறவே ஆரம்பிக்கும், உச்சம் தொட அரை நாள் முதல் ஒரு நாள் வரை ஆகும் என்பது எனக்கு அன்றைக்கும் தெரிந்ததுதான். அவருக்கு எப்போது நடுக்கம் தொடங்கியது என்று மனைவியிடம் கேட்டிருந்தால் அந்த 0.3 ஐ நம்பியிருக்க மாட்டேன். சிகிச்சை தொடங்குவதைத் தீர்மானிக்க இந்தப் பரிசோதனையை நம்பியிருக்க வேண்டாம், நோயாளியைப் பார்த்து முடிவெடுங்கள் என்றுதான் 2021 இல் வந்த சர்வதேச வழிகாட்டலும் சொல்கிறது.

மறுபக்கமும் உண்டு. மழையில் வழுக்கி மலைச்சரிவில் விழுந்து தொடை எலும்பு உடைந்தவருக்கு ஒப்பரேஷன் முடிந்த மறுநாள் புரோகல்சிடோனின் 5 இருந்தது. தொற்று எதுவும் இல்லை. பெரிய அடியும் தீக்காயமும் ஒப்பரேஷனும் தாமாகவே அதை ஏற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது இறங்கவும் தாமதமாகும்.

நம் மலைகளில் இன்னொன்றும் இருக்கிறது, உண்ணி கடித்து வரும் ரிக்கெட்சியா காய்ச்சல். அந்தக் கிருமி சாதாரண கல்ச்சர் போத்தலில் வளராது. வழக்கமாக ஏற்றும் அன்டிபயோட்டிக் அதனிடம் வேலை செய்யாது, டொக்சிசைக்ளின் என்ற மருந்து வேண்டும். எண்களை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் பிடிபடாத அந்த நோயை, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இருக்கும் சிவப்புப் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும். போர்வையை விலக்கிக் காலைப் பாருங்கள் என்று இளம் வைத்தியர்களிடம் ஓயாமல் சொல்வேன்.

சரி, அப்படியானால் இந்தப் பரிசோதனை எதற்கு? மருந்தை நிறுத்துவதற்கு. எனக்குத் தெரிந்து இதன் பெரிய பயன் அதுதான். தொற்று அடங்கினால் புரோகல்சிடோனின் ஏறத்தாழ ஒரு நாளைக்குப் பாதியாகக் குறையும். உச்சத்திலிருந்து 80 வீதம் இறங்கினாலோ 0.5 க்குக் கீழே வந்தாலோ, ஆளும் தேறியிருந்தால், அன்டிபயோட்டிக்கை நிறுத்தலாம். நெதர்லாந்தில் நடந்து 2016 இல் வெளியான பெரிய ஆய்வொன்று இந்த அளவுகோலைத்தான் வைத்துப் பார்த்தது. நிறுத்தியதால் உயிரிழப்பு கூடவில்லை. அந்த அம்மாவுக்கு இரண்டாம் நாள் 41, ஐந்தாம் நாள் 7. ஏழாம் நாளோடு மருந்தை நிறுத்தினோம். முன்பென்றால் பதினான்கு நாள் ஏற்றியிருப்போம். தேவைக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு நாளும் அடுத்த கட்டிலில் படுப்பவருக்கு மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துக் கொடுக்கிறது.

இந்தப் பரிசோதனையை எல்லா அரச ஆஸ்பத்திரியிலும் நினைத்த நேரத்தில் செய்ய முடியாது. வெளியே அனுப்பச் சொன்னால் செலவு குடும்பத்தின் தலையில் விழும். அதனால் கேட்டு அடம்பிடிக்காதீர்கள், தேவைப்பட்டால் நாங்களே சொல்வோம். உங்களிடமிருந்து எங்களுக்கு வேண்டியது வேறு. நடுக்கம் எத்தனை மணிக்கு வந்தது, கடையில் என்ன மாத்திரை வாங்கிப் போட்டீர்கள், கடைசியாக எப்போது சிறுநீர் போனார். கடையில் வாங்கிய இரண்டு அன்டிபயோட்டிக் மாத்திரை போதும், கல்ச்சரில் ஒன்றுமே வளராமல் போய்விட. மாத்திரை அட்டை காலியாக இருந்தாலும் பரவாயில்லை, கிளினிக் கொப்பியோடு சேர்த்து எடுத்து வாருங்கள். பேச்சு குழறினால், மூச்சு வாங்கினால், கைகால் சில்லிட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாகவே வரும்.

இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து லயத்துத் தாத்தா ஒருவருக்குக் குளிர் கண்டபோது, அம்புலன்ஸுக்கு அழைத்தது அந்த மகன்தான். தாத்தாவின் சட்டைப் பையில் கலண்டர் தாள் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. "சாயந்திரம் 4 மணி நடுக்கம். 5 மணி பனடோல் 2. வேற மருந்து இல்ல." நாங்கள் ரத்தம் எடுத்தது ஏழு மணிக்கு. புரோகல்சிடோனின் 0.4 என்று வந்தது. நடுக்கம் வந்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது என்பதால் அதை நம்பவில்லை. கல்ச்சர் எடுத்து மருந்தைத் தொடங்கிவிட்டு, காலையில் மறுபடி ரத்தம் எடுத்தோம்.