ஈசிஜியில் ‘பிளாக்’ என்று வந்திருந்தால்

ஈசிஜி தாளின் மேல் ஓரத்தில் இயந்திரமே சில சொற்களை அச்சடித்துத் தருகிறது. அதைப் படித்துவிட்டு, “டாக்டர், அப்பாவுக்கு பிளாக்னு வந்திருக்கு, ஸ்டென்ட் வைக்கணுமா?” என்று பதறி வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பல நேரம் அதில் இருப்பது ‘ஆர்பிபிபி’. இதயத்தின் வலதுபுற மின்கிளையில் தாமதம் என்று பொருள். வேறு தொந்தரவு இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் சிகிச்சையே வேண்டாம். ஆனால் இன்னொருவர் தாளில் வரும் வேறொரு ‘பிளாக்’, அன்றைக்கே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய விஷயம்.

வீட்டுச் சுவருக்குள் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் தனித்தனியாக ஓடுகின்றன அல்லவா, இதயத்திலும் அப்படித்தான். ரத்தக் குழாயில் அடைப்பு என்றால் ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட் என்று போகும். மின்பாதையில் தடை என்றால் அதுதான் ‘ஹார்ட் பிளாக்’. அதற்கு ஸ்டென்ட் உதவாது.

இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் எஸ்ஏ கணுதான் துடிப்பைத் தொடங்கி வைக்கிறது. ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. இதைத்தான் ‘சைனஸ் ரிதம்’ என்று எழுதுகிறோம். மூக்கில் வரும் சைனஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை, பயப்பட வேண்டாம். ஈசிஜி தாளில் தெரியும் அலைகளில், மேலறைகளில் மின்சாரம் பரவுவது ‘பி’ அலை. கீழறைகளில் பரவுவது உயரமான ‘கியூஆர்எஸ்’. கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவது ‘டி’ அலை. பி தொடங்கி கியூஆர்எஸ் தொடங்கும் வரை உள்ள நேரம் ‘பிஆர்’ இடைவெளி. 0.12 முதல் 0.20 நொடி வரை இருக்கலாம். வழக்கமான வேகத்தில் ஓடும் தாளில் ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, ஒரு பெரிய கட்டம் 0.20 நொடி. அதாவது பிஆர் ஒரு பெரிய கட்டத்தைத் தாண்டக் கூடாது.

தாண்டினால் முதல் நிலை பிளாக். பெரும்பாலும் கவனித்து வந்தால் போதும். இரண்டாம் நிலையில் சில துடிப்புகள் கீழே போய்ச் சேராது. மூன்றாம் நிலையில் ஒன்றுகூடச் சேராது. மேலறை 80 முறை துடிக்கும், கீழறை தன்போக்கில் 30, 40 என்று இழுத்துக்கொண்டிருக்கும். இதுதான் ‘கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்’. இதில் மயக்கம் வரலாம்.

என்னை வருத்துவது இந்த இடம்தான். எழுபது வயதுப் பாட்டி கண் இருட்டி விழுகிறார். பித்தம், வெயில், சாப்பிடாமல் இருந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி, சோடா கொடுத்து உட்கார வைக்கிறோம். பிறகு எடுத்த ஈசிஜி நார்மலாக வந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. சாதாரண ஈசிஜி பதிவது சுமார் பத்து நொடிதான். விட்டுவிட்டு வரும் பிளாக் அந்தப் பத்து நொடிக்குள் வராமலே போகலாம். அதனால்தான் 24 மணி நேரம் உடம்பில் மாட்டி அனுப்பும் ஹோல்டர் கருவியைப் பயன்படுத்துகிறோம். மயக்கம் வரும்போதே யாராவது மணிக்கட்டில் நாடியை எண்ணிப் பாருங்கள். 40க்குக் கீழே இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். தினமும் ஓடுகிறவர்களுக்கும் தூக்கத்திலும் 50 என்று இருப்பது இயல்பு. அதோடு மயக்கமும் சேர்ந்தால்தான் கவலை.

வரும்போது மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். அட்டினலால், மெட்டோப்ரலால், டில்டியாசெம், டிஜாக்சின் எல்லாமே துடிப்பைக் குறைக்கும். கண் நீர் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்துகூடச் சிலருக்கு அப்படிச் செய்யும், அதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலும் இதே நிலை வரும். இவை சரியாகும் காரணங்கள். சரிசெய்தும் பிளாக் நீடித்தால்தான், இதயத்தை மின்சாரத்தால் தூண்டும் கருவியான நிரந்தர பேஸ்மேக்கர்.

அந்தப் பெயரைக் கேட்டதும் “இனிமே அவ்வளவுதானா?” என்று அழுகிறார்கள். உடலுக்குள் முதன்முதலாக பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது 1958 அக்டோபரில், ஸ்வீடன் நாட்டில், ஆர்னே லார்சன் என்பவருக்கு. முதல் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது. அடுத்தடுத்து கருவிகளை மாற்றிக்கொண்டு அவர் 2001 வரை வாழ்ந்தார். இன்று கழுத்துக்குக் கீழே உள்ள காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போகும் ஊசி போட்டுப் பொருத்துகிறோம். கருவி சும்மா அடித்துக்கொண்டே இருக்காது. இதயம் தானே துடித்தால் பேசாமல் இருக்கும், தாமதித்தால் மட்டும் தூண்டும். கருவியோடு தரும் அட்டையில் ‘விவிஐ’ என்றிருந்தால், கீழறையைத் தூண்டும், கீழறையையே கவனிக்கும், சொந்தத் துடிப்பு வந்தால் ஒதுங்கிக்கொள்ளும் என்று பொருள். ‘டிடிடி’ என்றால் மேலறை, கீழறை இரண்டையும் பார்த்துக்கொள்ளும்.

மிக்ஸி, டிவி எல்லாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். செல்போனைச் சட்டைப் பையில் வைக்காமல், கருவி இருக்கும் பக்கத்துக்கு மறுபக்கக் காதில் பேசுங்கள். எம்ஆர்ஐ எடுக்கும் முன் அட்டையைக் காட்டுங்கள், இப்போது பல கருவிகள் அதற்கு ஏற்றவை.

இன்னொன்றைக் குடும்பத்தாரிடம் சொல்லத் தயங்குகிறோம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர் காலமாகி, தகனம் செய்வதாக இருந்தால், அதற்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும். சூட்டில் பேட்டரி வெடிக்கும். மருத்துவமனையில் கேட்டால் சில நிமிடங்களில் எடுத்துத் தருவார்கள்.