ரிவர்ஸ் ஜெனடிக்ஸ்: தலைகீழா, மறுதலையா?

'ரிவர்ஸ்' என்றால் மதுரை மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். கண்டக்டர் விசிலடிக்க, பஸ் பின்பக்கமாக வரும். ஆனால் ஃப்ளூ வைரஸ் ஆராய்ச்சியில் அடிக்கடி அடிபடும் 'ரிவர்ஸ் ஜெனடிக்ஸ்' அப்படி எதையும் பின்னால் நகர்த்துவதில்லை.

முதல் பாதிக்கு வேர் லத்தீன். திரும்புதல் என்று பொருள். 'ஜெனடிக்ஸ்' என்பது 1905இல் வில்லியம் பேட்சன் கிரேக்க வேரிலிருந்து உண்டாக்கிய சொல். தமிழில் மரபியல். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயலுக்கும் மரபியல் என்றுதான் பெயர். அங்கே மரபு என்றால் வழக்கு: கன்று, குட்டி, குருளை என்று எந்த விலங்கின் இளமைக்கு எந்தப் பெயர் என்ற சேதியெல்லாம் வரும். மரபணுவெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, என்ன 'ரிவர்ஸ்'? விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிச் சேலையை விரித்து, இந்தப் புள்ளி விழ எங்கே முடிச்சுப் போட்டிருப்பார்கள் என்று தேடுவது பழைய மரபியல். நாமே ஒரு முடிச்சை இடம் மாற்றிக் கட்டி, சாயத்தில் முக்கி, அவிழ்த்து, என்ன விழுந்திருக்கிறது என்று பார்ப்பது ரிவர்ஸ் ஜெனடிக்ஸ். முன்னதில் பண்பிலிருந்து மரபணுவுக்குப் போகிறோம். பின்னதில் மரபணுவிலிருந்து பண்புக்கு.

ஃப்ளூவில் இது லேசில் வாய்க்கவில்லை. இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் மரபுச் சரக்கு எட்டுத் தனித்தனி ஆர்என்ஏ துண்டுகள். எல்லாம் எதிர்மறை இழைகள்; செல்லால் நேராகப் படிக்க முடியாது, வைரஸின் சொந்த நொதியும் கூட வேண்டும். அந்த ஆர்என்ஏவை மட்டும் செல்லுக்குள் விட்டால் ஒன்றும் நடக்காது. துண்டுகளை டிஎன்ஏவாகப் படியெடுத்து, பிளாஸ்மிட் என்னும் வட்ட டிஎன்ஏக்களில் ஏற்றி, செல்லுக்குள் செலுத்தி முழு வைரஸை எடுத்தது 1999இல்தான். மறு ஆண்டே எட்டுத் துண்டுக்கு எட்டே பிளாஸ்மிட் போதும் என்றானது.

பயன் தடுப்பூசியில் தெரிந்தது. பறவைக் காய்ச்சல் எச்5என்1 வைரஸைக் கோழி முட்டையில் வளர்க்கப் போனால் உள்ளே இருக்கும் கருவையே கொன்றுவிடும். அதனால் அதன் மேற்பரப்புப் புரதங்களில் ஒன்றான ஹேமக்ளூட்டினினின் மரபணுவில் அந்தக் கொடூரத்துக்குக் காரணமான சிறு பகுதியை நீக்கினார்கள். அப்படித் திருத்திய மரபணுவையும், இன்னொரு மேற்பரப்புப் புரதமான நியூராமினிடேஸின் மரபணுவையும் வைத்துக்கொண்டு, மிச்ச ஆறு துண்டுகளை 1934ஆம் ஆண்டின் போர்ட்டோ ரிக்கோ வைரஸிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அது முட்டையில் செழிப்பாக வளரும். 1918இன் கொள்ளைநோய் வைரஸை 2005இல் அமெரிக்காவில் மறுபடி உருவாக்கியதும் இதே வழியில்தான். இந்தச் சொல்லைக் கேட்டதும் சிலருக்கு வயிற்றைக் கலக்குவதில் நியாயம் இருக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? 'தலைகீழ் மரபியல்' என்றால் ஏதோ கெட்டுக் குட்டிச்சுவரான தொனி. 'எதிர் மரபியல்' என்றால் எதிர்மறை இழையோடு குழம்பும். 'பின்னோக்கு' மறுபடி மாட்டுத்தாவணிக்கே கொண்டுபோய் விடும். பள்ளிக் கணக்கில் பிதாகரஸ் தேற்றத்தை அடுத்து அதன் மறுதலை வருமே, அதுதான் பொருத்தம். செங்கோணத்திலிருந்து பக்கங்களுக்குப் போனவர்கள், பக்கங்களிலிருந்து செங்கோணத்துக்கு வருவார்கள். ஆகவே என் தேர்வு 'மறுதலை மரபியல்'. 'மறுதலை மரபியல் முறையில் உருவான தடுப்பூசி வைரஸ்' என்று எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை.