‘பொட்டானிக்கல் ஆர்ட் ஒர்க்‌ஷாப்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அழைப்பிதழில் ‘பொட்டானிக்கல் ஆர்ட் ஒர்க்‌ஷாப்’ என்று பார்த்ததும், பூப்படம் வரையச் சொல்லித்தருவார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு வேறு. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை எளிதில் காட்டிவிடலாம். நிலைவாசலில் தச்சர் செதுக்கிய கொடிக்கருக்கை, அதாவது கொடி வடிவ வேலைப்பாட்டைப் பாருங்கள், தரையில் ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் பூவைப் பாருங்கள். கண்ணை எடுக்க முடியாத அழகுதான். ஆனால் அது எந்தச் செடியின் பூ என்று கேட்டால் பதில் கிடைக்காது. கல்லின் சதுரத்துக்குள் அடங்குகிற மாதிரி இதழ்களை அமைத்திருப்பார்கள்.

பொட்டானிக்கல் ஆர்ட்டில் செடி சொன்னதுதான் சட்டம். ஆவாரையை எடுத்துக்கொள்வோம். பிள்ளையார் நோன்புக்கு இழை (திரியிட்ட மாவிளக்கு) எடுத்துக்கொள்கிற செட்டிநாட்டு வீடுகளில் ஆவாரம்பூ பழகிய பூ. மஞ்சள் இதழ் ஐந்து என்பது எல்லோருக்கும் தெரியும். மகரந்தத் தாள்கள் ஒரே நீளத்தில் இல்லை, சில நீண்டு வளைந்தும் சில குட்டையாக மலடாகவும் இருக்கின்றன என்பது கையில் வைத்து உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் போல அகன்ற இலையடிச் செதில் ஒன்று உண்டு. அறிவியல் பெயரான ‘சென்னா ஆரிகுலேட்டா’வில் ‘ஆரிகுலேட்டா’ என்றால் காதுடையது என்றே பொருள். அந்தக் காதை விட்டுவிட்டு வரைந்தால் படம் நன்றாக இருக்கலாம், ஆவாரை ஆகாது. அளவெடுத்து, வெறும் வெள்ளைத் தாளில், பூவைப் பிளந்து சூலகத்தையும் காயையும் தனியே காட்டி வரைவதெல்லாம் செடியை ஐயமில்லாமல் அடையாளம் காணத்தான்.

இனி சொல்லுக்கு வருவோம். ‘பாட்டனி’ கிரேக்க ‘பொட்டானே’யிலிருந்து வந்தது, புல், மேய்ச்சல் தீனி என்று பொருள். நம் ‘தாவரம்’ வடமொழி ‘ஸ்தாவர’த்தின் வழி வந்தது, இடம்விட்டுப் பெயராதது. திருவாசகம் ‘தாவர சங்கமம்’ என்று நிற்பனவற்றையும் திரிவனவற்றையும் சேர்த்துச் சொல்கிறது. தனித்தமிழார் தந்த ‘நிலைத்திணை’யும் அதே கருத்துதான். எனக்குப் பிடித்த சொல். ஆனால் பள்ளிப் பாடநூல் முதல் பல்கலைக்கழகம் வரை ‘தாவரவியல்’ ஊன்றிவிட்டது, பொது நிகழ்ச்சிக்கு அதுவே போதும்.

சிலர் ‘தாவர ஓவியம்’ என்று சுருக்குகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. கொடிக்கருக்கை வண்ணத்தில் தீட்டினால் அதுவும் தாவர ஓவியம்தானே! ‘இயல்’ என்ற ஒட்டு இருந்தால்தான் படத்துக்குப் பின்னே ஓர் அறிவியல் இருப்பது தெரியும். ஆகவே ‘தாவரவியல் ஓவியம்’ என்று முழுசாகவே எழுதுவோம்.

ஓவியத்துக்குச் சங்கச் சொல் ‘ஓவம்’. மதுரைக்காஞ்சி ஓவியரை ‘நுண்ணிதின் உணர்ந்த நுழைந்த நோக்கிற் கண்ணுள் வினைஞர்’ என்கிறது. இந்தக் கலைக்கு வேண்டியதே நுழைந்த நோக்குதான். அப்படி நோக்கியவர்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள் செடிகளை வரைந்தார்கள். வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தொகுதிகளில் 2,101 படங்கள் உள்ளன. ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்கு ‘கோவிந்தூயா’ என்று தம் ஓவியரின் பெயரையே வைத்தார் வைட். இந்த இரண்டு பெயர்களையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

‘ஒர்க்‌ஷாப்’புக்குப் பயிலரங்கு, பட்டறை என இரண்டு சொற்கள் வழங்குகின்றன. பயிலரங்கு தவறில்லை, கொஞ்சம் விறைப்பு. ‘பட்டறை’ நம்மூரில் உயிரோடு இருக்கும் சொல்: தச்சுப் பட்டறை, நகைப் பட்டறை. அதோடு உறவுடைய ‘பட்டடை’, உலைக்களத்தில் சம்மட்டியடி தாங்கும் அடைகல்லாகக் குறளில் வருகிறது. தூரிகையும் லென்சும் கவராயமுமாகக் கை வேலை செய்கிற இடத்துக்குப் பட்டறைதான் பொருத்தம்.

அதோடு நடக்கும் ‘டாக்’குக்குப் ‘பொழிவு’ என்று போடலாம். 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்த காரைக்குடிக்கு அந்தச் சொல்லைத் தனியே விளக்க வேண்டியதில்லை. வரையப்போகும் செடியின் ஊர்ப்பெயரையும் அழைப்பிதழிலேயே போட்டுவிட்டால், ஆவாரையும் காரைச் செடியும் தெரிந்த ஆச்சிமார்களும் வந்து உட்காருவார்கள்.