எஞ்சினை இறக்காமல் மெயின் பேரிங் மாற்றலாமா?

லாரி வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் கேட்கிற கேள்வி இது: "எஞ்சினை இறக்காமலே மெயின் பேரிங் போட்டுடலாமா?" போடலாம். மெயின் பேரிங் என்பது கிராங்கை (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டை) தாங்கிப் பிடிக்கிற பேரிங். பல டீசல் எஞ்சின்களில் அடியில் உள்ள ஆயில் சேம்பரைக் கழற்றினாலே, பேரிங்கைக் கீழிருந்து பிடித்திருக்கும் கேப்புகள் (மூடிகள்) கைக்கு எட்டிவிடும். எஞ்சினை இறக்கி ஏற்றும் கூலி மிச்சம், வண்டியும் சீக்கிரம் ரோட்டுக்குப் போகும். ஆனால் எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது.

சூடான எஞ்சினில் ஆயில் பிரஷர் குறைகிறது, தனி கேஜ் மாட்டிப் பார்த்தும் குறைவுதான், ஆனால் அடிச்சத்தம் இல்லை என்றால் இறக்காமல் மாற்றலாம். லோடு ஏறும்போது கீழிருந்து கனமாக 'டொக் டொக்' என்று கேட்கிறதா, ஆயிலை வடிக்கும்போது உலோகத்தூள் மின்னுகிறதா, அப்போது எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். காரணம் எளிது. கேப்பைக் கழற்றிக் கிராங்கைச் சுற்றினால் ஜர்னலில் (கிராங்கில் பேரிங் உட்காரும் வட்டப் பகுதியில்) கோடு விழுந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம், நகத்தால் தடவியும் பார்க்கலாம். ஆனால் ஜர்னலின் மேல் பாதி பிளாக்கில் (எஞ்சினின் உடலில்) உட்கார்ந்திருப்பதால் சாதாரண மைக்ரோமீட்டர் உள்ளே போகாது. ஜர்னல் முட்டையாகத் தேய்ந்திருந்தால் தெரியாமலே போய்விடும். அதன் மேல் புது பேரிங் போட்டால் அது நிற்காது, அடுத்த முறை கிராங்கும் சேர்ந்து போகும்.

வேலை நடக்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நின்று பார்க்கும்போது உதவும். ஒவ்வொரு மெயின் பேரிங்கும் இரண்டு அரைவட்டத் தகடுகள், அவற்றைத்தான் செல் என்கிறோம். மேல் செல் பிளாக்கிலும் கீழ் செல் கேப்பிலும் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கேப்பைத்தான் கழற்ற வேண்டும். கிராங்கின் ஆயில் ஓட்டையில் தட்டைத் தலை உள்ள ஒரு சின்ன பின்னைச் செருகி, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினால், அந்தத் தலை, மேல் செல்லின் ஓரத்தில் முட்டி அதை வெளியே தள்ளும். பின்னின் தலை செல்லின் கனத்தைவிட மெல்லியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிளாக்கைக் கீறிவிடும். செல்லின் ஒரு முனையில் சின்ன நாக்கு இருக்கும். அந்த முனை முதலில் வெளியே வருகிற திசையில் சுற்ற வேண்டும். புது செல்லை உள்ளே விடும்போது நாக்கு இல்லாத முனைதான் முதலில் போகும். ஆயில் ஓட்டை உள்ள செல் மேலே வர வேண்டும். பல எஞ்சின்களில் கீழ் செல்லில் ஓட்டையே இருக்காது. மாற்றிப் போட்டால் அந்த ஜர்னலுக்கு ஒரு சொட்டு ஆயில் கூடப் போகாது.

கழற்றிய செல்லின் முதுகைத் துடைத்துப் பாருங்கள். ஸ்டாண்டர்டா, 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸா (அரைத்துச் சிறிதாக்கிய கிராங்குக்கான அளவா) என்று அதிலேயே அடித்திருக்கும். அதைப் பார்க்காமல் முன்கூட்டியே ஸ்டாண்டர்ட் செட் வாங்கி வைப்பது தப்பு. முன்பு யாராவது கிராங்கை அரைத்திருக்கலாம். உள்பக்கச் சாம்பல் பூச்சு போய்ச் செம்பு நிறம் தெரிந்தால் நன்றாகத் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. பழைய செல்லின் முதுகில் பேப்பரோ தகடோ வைத்து 'டைட்' செய்வது, கேப்பின் முகத்தை அரத்தால் ராவுவது. செல் முதுகு முழுக்க உலோகத்தில் ஒட்டி உட்கார்ந்தால்தான் சூடு பிளாக்குக்குப் போகும். பேப்பர் வைத்தால் சூடு அங்கேயே நிற்கும். கேப்பை ராவினால் துளை வட்டமாக இருக்காது. கேப்பும் பிளாக்கும் சேர்த்து போர் செய்யப்பட்டவை, அதனால் அந்தக் கேப்பைத் தூக்கிப் போட்டு வேறொன்றை மாட்டவும் முடியாது. எஞ்சினை இறக்கி லைன் போரிங் (எல்லா மெயின் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் கடைந்து வட்டமாக்குவது) செய்ய வேண்டிவரும். தயவுசெய்து யாரையும் இதற்கு விடாதீர்கள்.

ஜர்னலுக்கும் செல்லுக்கும் உள்ள இடைவெளியை பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளி காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து அளப்பார்கள். எஞ்சின் வண்டியில் இருக்கும்போது கிராங்கின் எடை கீழ் செல்லில் உட்காரும், அதனால் அளவு தப்பாக வரும். கிராங்கிலேயே பக்கத்தில் உள்ள வெயிட்டுக்கு (எதிர் எடைக்கு) அடியில் சின்ன ஜாக்கி கொடுத்துக் கிராங்கை மேலே தாங்கிக்கொண்டுதான் அளக்க வேண்டும். அப்புறம் மேனுவலில் உள்ள டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) போல்ட்டுகளைப் படிப்படியாக முறுக்கி, ஒவ்வொரு கேப்புக்குப் பிறகும் கிராங்க் இலகுவாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பேரிங் தானாகத் தேய்வதில்லை. ஆயில் பம்ப், பிரஷர் ரிலீஃப் வால்வு, சேம்பருக்குள் உள்ள ஸ்ட்ரெய்னர் (ஆயிலை வடிகட்டும் வலை) மூன்றையும் அதே வேலையில் பார்த்துவிட வேண்டும். டிப்ஸ்டிக்கில் லெவல் தானாக ஏறியிருந்தால் டீசலோ தண்ணீரோ கலக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பேரிங் போட்டு என்ன பயன்? வேலை முடிந்ததும் டீசலை நிறுத்திவிட்டு, பிரஷர் காட்டும் வரை செல்ஃப் அடித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒரே மூச்சில் அடித்துக்கொண்டே இருக்காமல் இடையிடையே செல்ஃப் மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள்.

பில் கட்டுவதற்கு முன் பழைய செல்களைக் கேட்டு வாங்குங்கள். ஆறு சிலிண்டர் வரிசை எஞ்சினுக்கு ஏழு மெயின், மேலும் கீழுமாகப் பதினான்கு பாதி. ஏழுதான் கையில் வந்தால் கேப் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு மேல் செல்களை அப்படியே விட்டிருக்கிறார்கள்.