கிராம சபை: கொங்கு ஊராட்சிகளில் வாக்காளருக்கு உள்ள அதிகாரம்

எந்தத் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, எந்த ஆழ்துளைக் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது, பள்ளிக்குப் போகும் இட்டேரியில் (இருபுறமும் வேலியுள்ள வண்டிப்பாதையில்) எந்த இடத்தில் மழைக்காலத்தில் நடக்க முடியாது என்பதெல்லாம் அந்த ஊரில் குடியிருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவற்றைச் சரிசெய்வதற்கான பணமும் முடிவும் சென்னையிலோ தில்லியிலோ மட்டும் இருந்தால், தேவை ஒன்றாகவும் வேலை வேறொன்றாகவும் முடிந்துவிடுகிறது. இந்த இடைவெளியைக் குறைப்பதற்காகவே அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1992இல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதைப் பின்பற்றித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. இந்தச் சட்டத்தில் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் என்னென்ன அதிகாரம் உண்டு என்பது பலருக்குத் தெரிந்திருக்கிறது. சாதாரண வாக்காளருக்கு நேரடியாகத் தரப்பட்டுள்ள அதிகாரமோ அதிகம் அறியப்படாமலே இருக்கிறது. அந்த அதிகாரம் கிராம சபை.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். யாரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, நியமிக்க வேண்டியதில்லை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கு நாட்களில் நடந்துவந்த கூட்டங்களுடன், 2022இல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22உம், உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1உம் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்று ஆனது. இவை தவிர, தேவை ஏற்படும்போது சிறப்புக் கூட்டமும் கூட்டலாம். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்த அளவு வருகை வேண்டும்: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

சபை என்ன செய்யலாம் என்பதுதான் முக்கியம். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையை ஆராய்வது, நடந்த வேலைகளைப் பரிசீலிப்பது, பயனாளிகளைத் தேர்வு செய்வது ஆகியவை அதன் பொறுப்புகள். ஊராட்சியின் ஓராண்டு வரவும் செலவும் படிவம் 30 என்ற அறிக்கையில் இருக்கும். அது கூட்டத்தின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வீட்டு வரி எவ்வளவு வந்தது, தொழில் வரி எவ்வளவு வந்தது, மேல்நிலைத் தொட்டி பராமரிப்புக்கும் தெருவிளக்குக்கும் எவ்வளவு போனது என்று அதைப் பார்த்துக் கேட்கலாம். நூற்பாலைகளும் கோழிப்பண்ணைகளும் பனியன் கம்பெனிகளும் உள்ள பல்லடம், அவிநாசி, சூலூர், நாமக்கல் பக்கத்து ஊராட்சிகளில் சொந்த வருவாய்க்கு இடம் அதிகம் என்பதால், இந்தக் கேள்வியின் மதிப்பும் அங்கே அதிகம்.

பணத்தின் இன்னொரு பகுதி மேலிருந்து வருகிறது. மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநில அரசும், மத்திய நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மத்திய அரசும் மானியம் தருகின்றன. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு அளித்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. மீதி 40 விழுக்காடுதான் ஊரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. குடிநீர் முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்த ஊர் ஒரு நூலகத்தையோ குழந்தைகள் மையத்தையோ கட்ட நினைத்தாலும் அந்தப் பெரிய பங்கைத் தொட முடியாமல் இருந்தது. அரசமைப்பின் 11ஆவது அட்டவணை வேளாண்மை முதல் சிறுதொழில் வரை 29 துறைகளைப் பட்டியலிட்டாலும், அவற்றை ஊராட்சிக்கு ‘வழங்கலாம்’ என்றுதான் 243ஜி பிரிவு மாநிலங்களுக்குச் சொல்கிறது. வழங்கியாக வேண்டும் என்று சொல்லவில்லை. அதிகாரப் பரவலாக்கம் பாதி வழியில் நிற்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கருத்து.

கிடைத்த அதிகாரத்தை முழுதாகப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதற்கு மேட்டுப்பாளையத்துக்கு அருகில், காரமடை ஒன்றியத்தில் உள்ள ஓடந்துறை ஊராட்சி சான்று. 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் காலத்தில், குடிநீர் இறைக்கும் மின்கட்டணம் ஊராட்சியின் வருவாயைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் விறகிலிருந்து எரிவாயு உண்டாக்கும் கருவி வைத்துச் செலவைக் குறைத்தார்கள். பிறகு ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006இல் உடுமலை அருகே மைவாடியில் நிறுவினார்கள். ஊராட்சியின் ஆண்டுத் தேவை ஏறக்குறைய 4.5 லட்சம் யூனிட். காற்றாலை தந்தது 6 லட்சத்துக்கும் மேல். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். மேலிடம் வகுத்த திட்டம் அல்ல இது. தன் கணக்கைத் தானே பார்த்த ஓர் ஊரின் முடிவு.

ஆயினும் அதிகாரம் ஊருக்கு வந்துவிட்டால் ஊரில் உள்ள எல்லாருக்கும் வந்துவிட்டது என்று கொள்ள முடியாது. பல பாளையங்களும் புதூர்களும் காலனிகளும் சேர்ந்ததே ஓர் ஊராட்சி. நிலமும் சாதிச் செல்வாக்கும் உள்ள சில வீடுகளிலேயே முடிவு தங்கிவிடும் அபாயம் கொங்கு நாட்டில் உண்மையானது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி இட ஒதுக்கீட்டை அரசமைப்பு கட்டாயமாக்கியதும், பெண்களுக்கான ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தியதும் இதற்காகவே. கூட்டம் எப்போதும் ஒரே கோயில் திடலில் நடந்தால் காலனிப் பெண்கள் வந்து பேசத் தயங்குவார்கள். இடத்தைக் குக்கிராமங்களுக்கிடையே சுழற்சி முறையில் மாற்றச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. வேலைக்காக வெளிமாவட்டங்களிலிருந்து வந்து பல ஆண்டுகள் தங்கிவிட்ட தொழிலாளர்களும் இந்த ஊரின் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொண்டால் சபையின் உறுப்பினர்களே.

தொழில் பரவலாக இருப்பதன் பலனைக் கொங்கு மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னல், சாயம், அச்சு, தையல், அயர்னிங் என்று வேலை பல பட்டறைகளுக்குப் பிரிந்திருப்பதால்தான் திருப்பூரில் சிறு முதலுடையவரும் முதலாளியாக முடிந்தது. அதே பரவல் நொய்யலின் வழியே சாயக்கழிவையும் கீழ்நோக்கிக் கொண்டுபோனது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை ஆற்றோரக் கீழ் ஊர்களின் குரல் போதிய பலனைத் தரவில்லை. ஒரே ஊராட்சியின் எல்லைக்குள் தீராத இத்தகைய விஷயங்களுக்கென அரசமைப்பின் 243இசட்டி பிரிவு மாவட்டத் திட்டக் குழுவை ஏற்படுத்தியுள்ளது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும்.

சத்தியமங்கலம், ஆனைமலை காடுகளில் வாழும் பழங்குடி மக்களுக்குக் கிராம சபை இன்னும் கூடுதலான பொருள் உடையது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 6ஆவது பிரிவுப்படி, தனிமனித உரிமையானாலும் சமூக உரிமையானாலும் அதை வரையறுக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கே உண்டு, வனத்துறைக்கு இல்லை. இந்தச் சபை ஊராட்சி முழுவதற்கும் ஒன்றாக அல்லாமல் அந்தந்தக் குடியிருப்பு அளவிலேயே கூடலாம்.

மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் கிராம சபை கிடையாது. அவற்றுக்கென 2022இல் விதிகள் வந்து, வார்டு குழுவும் பகுதி சபையும் ஏற்பட்டன. பேரூராட்சிகள் நிறைந்த ஈரோடு மாவட்டத்தினர் இதைக் கவனிக்க வேண்டும்.

கொங்கு மாவட்டங்களின் ஊராட்சிகளில் 2019 டிசம்பர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஆனால் வாக்காளர்களால் ஆன கிராம சபைக்குப் பதவிக்காலம் என்று ஒன்று இல்லை. தலைவர் இல்லாத காலத்திலும் அதன் உரிமை அப்படியே இருக்கும். கோரிக்கையை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், தெரு, தேவை, அளவு ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்ல வேண்டும். தீர்மானங்களை எழுதி வாசித்த பிறகே கையெழுத்திடுவது நல்லது. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்திட்டால் பிறகு என்ன எழுதப்பட்டது என்று கேட்க இயலாமல் போகும். தீர்மான நகல் தர மறுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 30 நாட்களுக்குள் அவர் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.