கறுப்பாகப் போனதா என்று கேளுங்கள்

வயிற்றுக் கோளாறு என்று வார்டுக்கு வருபவர்களிடம் செவிலியர்களாகிய நாங்கள் கேட்கும் கேள்விகளில் பாதி, வெளியுலகில் யாரும் யாரிடமும் கேட்காதவை. மலம் எத்தனை முறை போனது, இறுக்கமா இளக்கமா, என்ன நிறம், என்ன வாடை என்று கேட்டால் நோயாளி தலையைக் குனிந்துகொள்வார். உடன் வந்த மகன் செல்போனை எடுத்துவிடுவார். பயிற்சிக்கு வரும் மாணவிகளும் அந்த இடத்தில் கூச்சப்பட்டு, படிவத்தில் 'இயல்பு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ இரத்தம் கசிவது பல நேரங்களில் அந்த ஒரு வரியில்தான் பிடிபடும்.

அன்று வந்தவர் 68 வயது விவசாயி. மூன்று நாட்களாகத் தலைசுற்றல், நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சல். 'கேஸ்' என்று தாமே முடிவுசெய்து, சோடாவும் செரிமான மாத்திரையுமாக ஓட்டியிருக்கிறார். ஈசிஜியில் கோளாறு ஏதும் தெரியவில்லை. (மேல்வயிற்று எரிச்சலோடு வரும் வயதானவருக்கு முதல் 10 நிமிடங்களுக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும், மாரடைப்பும் இதே வேடத்தில் வரும்.)

"அய்யா, வெளிக்குப் போனது என்ன கலர்ல இருந்துச்சு?"

"அதை யாரும்மா உத்துப் பாத்தா? கக்கூஸ்ல பல்பு வேற எரியல."

அவர் மனைவிதான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நாலு வாளி ஊத்துனாலும் போகல சிஸ்டர். தாரு மாதிரி ஒட்டிக்கிச்சு. நாத்தம் தாங்கல."

அந்த அம்மாள் சொன்ன மூன்றும், அதாவது தார் போன்ற கறுப்பு, பிசுபிசுப்பு, தனித்த துர்நாற்றம், இரத்த மலத்தின் அடையாளங்கள். குடலின் மேற்பகுதியில் 50 முதல் 100 மில்லி அளவுக்கு இரத்தம் கசிந்தாலே, அது வழியில் சிதைந்து இப்படிக் கறுத்து வெளியேறக்கூடும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்றாலும், அது பச்சை கலந்த கறுப்பாக, உருவம் குலையாமல் இருக்கும். அந்த நாற்றமும் ஒட்டலும் இராது.

அடுத்து மாத்திரைகள். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ளதை மட்டுமே சொல்வார்கள், வலி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே பையைக் கொட்டிக் காட்டச் சொல்வது என் வழக்கம். அந்த அம்மாளின் சுருக்குப்பையிலிருந்து வெற்றிலைக் காம்புகளோடு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது. பத்தில் மூன்று மீதம். பெரியவரின் முழங்கால் வலிக்காக இரண்டு மாதமாகக் கடையில் கேட்டு வாங்கியவை. கூடவே இதயத்துக்கென்று தினம் ஓர் ஆஸ்பிரின். இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடலில் உருவாவதை இவ்வகை மருந்துகள் தடுப்பதால், ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் புண் வரலாம். 'ஊசி வயிற்றைக் கெடுக்காது' என்பது வெறும் நம்பிக்கை. அதோடு வலி மாத்திரை புண்ணின் வலியையும் அமுக்கிவிடுவதால், சிலருக்கு இரத்தக்கசிவே முதல் அறிகுறியாகிவிடுகிறது.

வயிற்றைச் சோதிக்கும்போது முதலில் பார்வை, பிறகு ஸ்டெதாஸ்கோப், அதன்பின்தான் கை. முதலிலேயே அழுத்தினால் குடலின் ஓசை மாறிவிடும். வலிக்கும் இடத்தைக் கடைசியாகத் தொட வேண்டும். ஏசி அறையிலிருந்து வந்த சில்லிட்ட கையோடு தொட்டால் எந்த வயிறும் இறுகத்தான் செய்யும்.

ஆனால் அன்று நிலைமையைச் சொன்னது வயிறு அல்ல, நாடி. படுத்திருக்கையில் இரத்த அழுத்தம் 116, நாடி 102. மெல்ல உட்கார வைத்ததும் அழுத்தம் 92, நாடி 126. "கண்ணு இருட்டுது" என்றார், உடனே படுக்க வைத்தோம். எழும்போது மேல் அழுத்தம் 20 குறைந்தாலே உடலில் திரவம் கணிசமாகக் குறைந்திருக்கிறதா என்று ஐயப்பட வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனோலால் போன்ற மருந்து சாப்பிடுபவருக்கு இரத்தம் போனாலும் நாடி ஏறாமல் ஏமாற்றும்.

டாக்டருக்குத் தகவல் போன கையோடு இரண்டு கைகளிலும் 18 கேஜ் பச்சை வென்ஃப்ளான் (இரத்தக் குழாயில் செருகும் ஊசிக்குழாய்), வாய்வழி ஒன்றும் தராமை, இரத்த வகைக்கும், ஏற்றும் இரத்தம் ஒத்துப்போகுமா என்று பார்க்கும் கிராஸ்மேட்சுக்கும் மாதிரி, மணிக்கொரு முறை சிறுநீர் அளவு, வாந்தி வந்தால் இடப்பக்கம் சாய்ப்பது என வேலைகள் நடந்தன. ஹீமோகுளோபின் 9.8 என்று வந்ததும் மகனுக்கு நிம்மதி. எனக்கு இல்லை. இரத்தம் போகும்போது அணுக்களும் நீரும் சேர்ந்தே போவதால் முதல் சில மணி நேரத்துக்கு அந்த எண் உண்மையைச் சொல்லாது. மறுநாள் காலையில் அது 7.4. அன்றே எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலில் புண் தெரிந்தது. இரத்தம் ஏற்றினார்கள்.

காரம் தின்றதால் வந்த புண் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையில் வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஒன்று வலி நிவாரணிகள், மற்றொன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அக்கிருமியை 1984இல் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்ட ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷலுக்கும், ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. எனவே கிருமிப் பரிசோதனையும் செய்யப்பட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும் என்றும், புதிதாகத் தந்த இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுக்கும், ஆனால் தார் போல ஒட்டி நாறினாலோ தலை சுற்றினாலோ இரவென்று பாராமல் வர வேண்டும் என்றும் மனைவியிடமே சொன்னேன். ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்தக் கூடாது, இதய மருத்துவர்தான் முடிவு செய்வார் என்பதையும் சீட்டில் எழுதினோம்.

"அப்ப முட்டி வலிக்கு என்ன பண்றது தாயி?" என்றார் பெரியவர். நியாயமான கேள்வி, அதற்கு வழி சொல்லாமல் அனுப்பினால் மறுபடி அதே கடைக்குத்தான் போவார். அளவோடு பாராசிட்டமால் எழுதியிருந்தார்கள். ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, ஐந்து எண்ணும்வரை அழுத்தித் தளர்த்தும் பயிற்சியைக் கட்டிலிலேயே இரண்டு முறை செய்ய வைத்தேன். மூன்றாம் முறை அவரே எண்ணினார்.