மைக்ரோவேவுக்குள் வைத்த போன் அடித்தால்?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மைக்ரோவேவ் அடுப்புக்குள் போனை வைத்துக் கதவை மூடி, இன்னொரு போனிலிருந்து அழையுங்கள், மணி அடித்தால் அடுப்பு கசிகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. செய்து பார்த்தேன், அடித்தது! பிள்ளைகள் இருக்கிற வீடு. அடுப்பைத் தூக்கி எறியவா?"

எறிய வேண்டாம். முதலில் போனை வெளியே எடுங்கள். அது உள்ளே இருப்பது தெரியாமல் யாராவது பொத்தானை அழுத்தினால் போனும் போய்விடும், பற்றரியும் தீப்பிடிக்கும்.

அடுப்பு எப்படிச் சூடாக்குகிறது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். மக்னெட்ரோன் என்ற குழாய் 2450 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில், அதாவது செக்கனுக்கு 245 கோடி அதிர்வில், நுண்ணலை எழுப்புகிறது. உணவிலுள்ள நீர் மூலக்கூறுகள் அந்த அலைக்கு ஏற்றபடி புரண்டு புரண்டு அக்கம்பக்கத்தில் மோத, சூடு பிறக்கிறது. 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோன் ரண்டலும் ஹரி பூட்டும் ரேடாருக்காக உருவாக்கிய குழாயின் வழிவந்தது இது. நம் துறைமுகத்தில் போர்க்கப்பல்கள் நின்ற காலத்துச் சங்கதி. எக்ஸ் கதிரைப் போல அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கும் வலு இந்த அலைக்கு இல்லை; அடுப்பு நின்றதும் உணவில் எதுவும் தங்குவதுமில்லை. வெளியே வந்தால் கறிக்குச் செய்வதையே நமக்கும் செய்யும், அவ்வளவுதான். சரி, அதை உள்ளேயே நிறுத்தி வைப்பது எது?

கதவுக் கண்ணாடியோடு இருக்கும் உலோக வலையைப் பார்த்திருப்பீர்கள். துளை ஒன்றிரண்டு மில்லிமீற்றர். அலைநீளமோ 12 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். வெளிச்சம் வரும், நுண்ணலை வராது. எனக்குப் பிடித்த இடம் அதுவல்ல, கதவின் ஓரம்.

கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே சுற்றிவர ஒரு மெல்லிய இடுக்கு. நீளமான இடுக்கு என்றால் நுண்ணலை தாராளமாக நழுவிவிடும். உலோகத்தோடு உலோகம் இறுகப் பொருந்தினால் தடுக்கலாம். ஆனால் ஒரு நாளைக்குப் பலமுறை திறந்து மூடும் கதவில், அதுவும் உப்புக்காற்று அடிக்கும் ஊரில், அந்தப் பொருத்தம் எத்தனை காலம் நிற்கும்? ஆகவே பொறியியலாளர்கள் இடுக்கை அடைக்க மினக்கெடவில்லை. பக்கத்தில் ஒரு பள்ளம் வைத்தார்கள்.

கதவைத் திறந்து உட்பக்க ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஒரு பிளாஸ்டிக் பட்டி சுற்றிவர ஓடும். அதன் அடியில் உலோகத்தாலான அந்தப் பள்ளம் மறைந்திருக்கிறது. அதற்குள் அலை போகும் தூரம் சுமார் 3 சென்ரிமீற்றர், அதாவது அலைநீளத்தில் காற்பங்கு. இடுக்கு வழியே வரும் அலையில் ஒரு பகுதி பள்ளத்துக்குள் இறங்கி, அடியில் மோதித் திரும்புகிறது. போக 3, வர 3. அரை அலை பிந்தி வரும் அது, நேரே வெளியேறப் பார்க்கும் அலையின் மேட்டைத் தன் தாழ்வால் நிரவிவிடுகிறது. துறைமுகச் சுவரில் மோதித் திரும்பும் அலை, எதிரே வரும் அலையைச் சந்திக்கும்போது சில இடங்களில் தண்ணீர் எழும்பாமலே கிடக்குமே, அதே கணக்கு. சக்தி மறைந்துவிடுவதில்லை, அடுப்புக்குள்ளேயே திருப்பி அனுப்பப்படுகிறது. அலையை அலையாலேயே பூட்டுகிறார்கள்! உயர்தர வகுப்புப் பிள்ளைகள், இப்படி அலையும் அலையும் சேரும் 'தலையீட்டை'ச் சூத்திரமாக மனப்பாடம் செய்கிறார்கள். பழுதாய்ப்போன அடுப்பின் கதவை மட்டும் கழற்றி வகுப்பில் காட்ட எந்த நிதி ஒதுக்கீடும் வேண்டியதில்லை.

இனி போன் ஏன் அடித்தது என்பது விளங்கும். பள்ளம் 2450 மெகாஹேர்ட்ஸுக்கு அளந்து செய்தது. போன்கள் 900, 1800, 2100 என்று வேறு மீடிறன்களிலும் பேசுகின்றன. 900இல் அலைநீளத்தின் காற்பங்கே 8 சென்ரிமீற்றருக்கு மேல். இந்தப் பூட்டு அதற்குப் பொருந்தாது. அதோடு, ஒரு மில்லிவாட்டின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வந்து சேர்ந்தாலும் போன் வேலை செய்யும். அடுப்புக்கு விதித்துள்ள கசிவு வரம்போ, 5 சென்ரிமீற்றர் தூரத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு 5 மில்லிவாட். அந்த வாட்ஸ்அப் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. இதை அனுப்புகிறவர்கள் அனுப்புமுன் ஒரு பௌதிகவியல் ஆசிரியரைக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

கவனம் கதவில்தான் வேண்டும். மூடாமல் சூடாக்கிய கணவாய் பட்டென்று வெடித்துக் கறியைத் தெறிக்க வைக்கும். அந்த எண்ணெய் கதவோரத்தில் காய்ந்து இறுகினால் கதவு முழுதாகப் படியாது. ஈரத்துணியால் உடனே துடையுங்கள். கீல் தளர்ந்தாலோ, கதவு வளைந்தாலோ, ஓரத்தில் துரு அரித்திருந்தாலோ பாவிப்பதை நிறுத்துங்கள். கடற்கரையோர வீடுகளில் இந்தத் துருவை அடிக்கடி பார்க்க வேண்டும்.

அப்புறம், வீடுகளில் உண்மையாகவே ஆளைச் சுடுவது கசிவு அல்ல, கொதிநீர். வழவழப்பான கோப்பையில் வெறும் தண்ணீரைச் சூடாக்கினால் 100 பாகையைத் தாண்டியும் குமிழி விடாமல் நிற்கலாம். பிளேன்ரீக்கென்று சீனியைப் போட்ட கணம் பொங்கிக் கையில் கொட்டும். முதலிலேயே ஒரு மரக்கரண்டியை உள்ளே போட்டுச் சூடாக்குங்கள். ஓட்டோடு முட்டை, இறுக்க மூடிய டப்பா இரண்டும் வேண்டவே வேண்டாம்.

அடுப்பு பழுதானால் மேல்மூடியைக் கழற்றிப் பார்க்கும் கைவைத்தியமும் வேண்டாம். உள்ளே மின்னைச் சேமிக்கும் கொள்ளளவி என்ற உறுப்பு 2000 வோல்ற்றுக்கு மேல் ஏற்றி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஆளைக் கொல்லப் போதும்.